இடது கால் கன்றுக்குட்டி

அளவுக்கு மீறிப் பாலிஷ் போட்டால் ஷூ கன்றுக்குட்டியாகிவிடும் என்பது பன்னீர்மட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கம்பளிக் கோட்டைக் கூடுதலாகப் பிரஷ் செய்தால் ஆடாகிவிடும். மலையில் குளிர் அதிகம். பழைய கோட்டும் பழைய ஷூவும் இல்லாத வீடு கிடையாது. அதனால் ஊரில் ஆடுமாடுகளுக்கும் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொருள்கள் குவியல் குவியலாக வரும். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற கோட்டுகள், டைகள், தோல் வெடித்த ஷூக்கள். வாங்கிவந்து, பூஞ்சணத்தைத் துடைத்து, பிரிந்த தையலைத் தைத்து, மெழுகு தடவித் தேய்த்தால் பொருள் மெல்ல மெல்லப் பின்னோக்கிப் போகும். வெடிப்பு மூடும். தேய்ந்த குதிகால் வளரும். கடையில் வாங்கிய நாளை எட்டுவதற்குச் சற்று முன்பாகக் கையை எடுத்துவிட வேண்டும். விரல் மடங்கும் இடத்தில் ஒரே ஒரு சுருக்கம் மிச்சம் இருக்க வேண்டும். மரியாதை எல்லாம் அந்தச் சுருக்கத்துக்குத்தான். புத்தம் புது ஷூவை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிவிடலாமே.

பெண் கொடுப்பவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை தன் கையால் சீர்செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்கு வருவான். பெண்ணின் அப்பா குனிந்து சுருக்கத்தைத் தடவிப் பார்ப்பார். சுருக்கம் இருந்தால் நிறுத்தத் தெரிந்த பையன். சண்டையை நிறுத்துவான், செலவை நிறுத்துவான், மாமியாரிடம் பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். வேறு விசாரணை எதுவும் கிடையாது.

ஜெயசிங்குக்கு நிறுத்தத் தெரியாது.

தேயிலை ஃபேக்டரியில் எடை போடும் வேலையில் அவன்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் கையில் துணியும் மெழுகும் வந்துவிட்டால் ஆள் வேறு. ஒரு தேய்ப்புக்கு ஒரு தழும்பு மறையும். மறைந்ததைப் பார்த்ததும் அடிவயிற்றில் ஒரு சந்தோஷம் குறுகுறுக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தோன்றும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தச் சந்தோஷம் அப்படிப்பட்டது. முதல் சம்பந்தம் வந்தபோது கோட்டு ஆடாகிவிட்டது. பெண் வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஆட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது சம்பந்தத்தில், ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்த பட்டு டை புழு புழுவாக இறங்கிச் சட்டைப் பைக்குள் போனது. மூன்றாவது தடவையும் தவறினால் அந்த ஊரில் பெண் கிடைக்காது. அது சட்டம் இல்லை, வழக்கம். சட்டமாக இருந்தால் யாரையாவது பிடித்துச் சரிக்கட்டிவிடலாம்.

மூன்றாவதாக வந்தவள் சுகிர்தா. வர்க்கி பிஸ்கட் சுடும் தவமணியின் மகள். அடுப்பிலிருந்து தட்டை எப்போது இழுப்பது என்பது அப்பாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று கடைக்கு வருபவர்கள் சொல்வார்கள். முதல் தடவை பேசும்போதே கேட்டுவிட்டாள்.

"நீங்க ரொம்பத் தேய்ப்பீங்களாமே?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"வீட்டுல ஒரு ஆடு இருக்கு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஜெயசிங் விழுந்துவிட்டான். முந்தின இரண்டு தடவையும் பெண் கிடைத்தால் சரி என்றிருந்தது. இப்போது இவள் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்றிருந்தது. பயமும் அந்த அளவுக்கு இருந்தது.

சந்தையில் பாரூக் பாயிடம் ஒரு ஜோடி வாங்கினான். செம்மண் நிறம், முனையில் பூப்பூவாகத் துளையிட்ட வேலைப்பாடு. யாரோ ஒரு துரை போட்டு நடந்து, பிறகு யாரும் போடாமல் வறண்டு கிடந்த ஷூ.

"தம்பி, இது இளந்தோல். சீக்கிரம் திரும்பிடும். பார்த்துத் தேய்ங்க," என்றார் பாய்.

"சரி பாய்."

"உங்க ஆடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய்."

அவனுடைய லில்லி அக்கா இந்தத் தடவை கோட்டைத் தானே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு ஒரு ஆடு போதும் என்று சொல்லிவிட்டாள். ஷூவை மட்டும் அவன்தான் செய்தாக வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, ஜன்னலோரம் உட்கார்ந்து வலது ஷூவை எடுத்தான். வெடிப்புகள் மூடின. துளைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. குதிகால் நிமிர்ந்தது. முன்பக்கம் இரண்டு சுருக்கம் இருந்தது, ஒன்றானது. கை நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் சுகிர்தா.

"இன்னும் இல்ல. நீங்க?"

"நானும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

சும்மா கூப்பிட்ட போன் வெகுநேரம் போனது. பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தால் வலது ஷூ வெயிலில் உலர்ந்து, அந்த ஒற்றைச் சுருக்கத்தோடு அழகாக உட்கார்ந்திருந்தது. ஜெயசிங்குக்கு நம்பிக்கை பிறந்தது. இடதை எடுத்தான். வெடிப்பு மூடியது, குதிகால் நிமிர்ந்தது, சுருக்கம் ஒன்றானது. சுகிர்தா தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, போன் அடிக்கவில்லை. சுருக்கம் மறைந்தது. கடை வாசனை வந்தது. தையல் தானாகப் பிரிந்து தோல் விரிந்தது. விரிந்த தோலில் மயிர் அரும்பியது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவன் துணியை எடுப்பதற்குள், மடியில் ஒரு கன்றுக்குட்டி ஈரமூக்கோடு அவன் முழங்கையை முட்டியது.

இரண்டு ஷூவும் ஒரே தோலில் வெட்டியவை என்பதால், கன்றின் விலாவில் வலது ஷூவுக்கு வெட்டிய அளவுக்கு ஓர் இடம் மயிர் இல்லாமல் மொட்டையாக இருந்தது.

லில்லி அக்கா வந்து பார்த்தாள். "வேற ஷூ ஒண்ணு இடது கால்ல மாட்டிக்கோ. இதைக் கொல்லையில கட்டிடலாம். நிறம் மட்டும் ஒத்துவந்தா போதும், யாருக்குத் தெரியப் போகுது?"

"சுகிர்தாவுக்குத் தெரியும்க்கா."

"அவகிட்ட யார் சொல்லப்போறா?"

"நான்தான். சொல்லாம என்னால இருக்க முடியாது."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு கோட்டை எடுத்துவரப் போனாள்.

சர்ச் ஹாலுக்குள் ஜெயசிங் வலது காலில் ஷூவோடும் இடது காலில் காலுறையோடும் நுழைந்தான். கன்று அவனுடைய இடது பக்கமாகவே, அவன் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் தானும் ஓர் அடி வைத்து வந்தது. விருந்தினர்கள் வழிவிட்டார்கள்.

தவமணி குனிந்தார். வலது ஷூவின் சுருக்கத்தை விரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"இந்த மாதிரி சுருக்கம் நான் பார்த்ததில்ல. மயிரிழையில நிறுத்தியிருக்கீங்க மாப்பிள்ள. இடது?"

"இதுதான் மாமா."

தவமணி வலது ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, கன்றின் விலாவில் இருந்த மொட்டை இடத்தில் வைத்துப் பார்த்தார். கன்று அவர் காதை நக்கியது.

"ஜோடிதான்," என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "வலதுல நிறுத்தத் தெரிஞ்சவருக்கு இடதுல ஏன் தெரியாமப் போச்சு?"

கை சுளுக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். மெழுகு கெட்ட மெழுகு என்றும் சொல்லியிருக்கலாம்; ஊரில் பாதிப் பேர் அப்படிச் சொல்லித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஜெயசிங் சுகிர்தாவைப் பார்த்தான்.

"வலதையும் நான் நிறுத்தல மாமா. சுகிர்தா போன் பண்ணினாங்க. பேசிட்டு வந்து பார்த்தா அது அப்படி இருந்துச்சு. இடதுக்குப் போன் வரல."

போதகர் வேதாகமத்தைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் விரலை நடுவில் விட்டுக்கொண்டு நின்றார்.

"அப்பா," என்றாள் சுகிர்தா, "அப்போ அந்தச் சுருக்கம் நான் வெச்சதா?"

"ஆமாம்மா. நியாயமாப் பார்த்தா உன்னோடதுதான்."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

தவமணி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "கல்யாணம் பண்றவங்களுக்கு நிறுத்தத் தெரியணும்னுதான் வழக்கம். ரெண்டு பேருக்கும் தெரியணும்னு யாரும் சொல்லல."

"ரெண்டு பேருக்கும் தெரியவே கூடாது," என்றாள் சுகிர்தாவின் அம்மா முன்வரிசையிலிருந்து. "எனக்கும் தெரியும், உங்கப்பாவுக்கும் தெரியும். நம்ம வீட்டுச் சுவத்துக்கு இன்னும் பாதிதான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

அது எல்லாருக்கும் தெரிந்த சுவர். கூட்டம் தலையாட்டியது. தவமணி ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். ஜெயசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தான். ஒரு தடவை துடைத்ததுமே சுகிர்தா அதை மெல்ல வாங்கி வைத்துக்கொண்டாள். மோதிரம் மாற்றினார்கள். லில்லி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேக் துண்டுகளைக் கொடுத்தாள்.

எல்லாரும் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மலையில் மழை பிடித்தால் லேசில் விடாது. முதியவர்கள் படிக்கட்டில் குடையோடு முட்டிக்கொண்டு நின்றார்கள். சுகிர்தா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"போதும்," என்றாள்.

துளிகள் விழுவதை விட்டுவிட்டு, எங்கெங்கே வந்திருந்தனவோ அங்கங்கே அந்தரத்தில் தங்கிவிட்டன. விருந்தினர்கள் குடையை மடக்கி, முகத்தில் படாமல் துளிகளைக் கையால் விலக்கிக்கொண்டு, கேக்கைப் பற்றிப் பேசியபடி சரிவில் இறங்கினார்கள். ஜெயசிங் முன்னால் போய்ச் சுகிர்தாவுக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தான். கன்று மட்டும் தன் உயரத்தில் இருந்த துளிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நக்கிக் குடித்துக்கொண்டு பின்னால் வந்தது.