கண்ணில் படாத தூரம்

வீட்டில் இரண்டே பெண்கள் என்பதால் பெரியவள், சின்னவள் என்றே பேர் நிலைத்துவிட்டது. பெரியவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் திரும்பி வந்தாள். வந்த நேரம், ஆர்டர் குறைந்துவிட்டது என்று கம்பெனியில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அதில் அவளும் ஒருத்தி. வேலை போனதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவளைப் பார்த்து "இவங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, விவரம் தெரிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

ஏஜெண்டைத் தேடிப் பிடித்ததும் அம்மாதான். வெளிநாட்டில் ஓட்டல் வேலை, சலவைப் பிரிவு, தங்க இடம் தருவார்கள்.

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன். நீ கொஞ்ச நாள் கண்ணுல படாம இருந்தா அவளுக்கும் ஒரு வழி பொறக்கும்" என்றாள்.

கேட்டவர்களிடமெல்லாம், பெரியவள் சம்பாதிக்கப் போகிறாள் என்று சொன்னார்கள். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை.

ஓட்டலின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை. துவைத்த படுக்கை விரிப்புகள் இஸ்திரி உருளைக்குள் போய்ச் சூடாக வெளியே வரும். மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகி நின்று உதறி, நெருங்கி வந்து சேர்க்க வேண்டும். எதிரில் நின்றவள் வேறு தேசத்துக்காரி, ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். பெரியவள் மனசுக்குள் அவளுக்கு நெட்டை என்று பேர் வைத்திருந்தாள். நாள் முழுக்க முகத்துக்கு முகம் நெருங்கி வந்தும் இருவருக்கும் பேச ஒரு பாஷை இல்லை. தொண்டை அடைத்துப் போயிற்றோ என்று சில நாள் குளியலறையில் தன் பேரைத் தானே சொல்லிப் பார்ப்பாள்.

சின்னவளுக்கு வரன் அமைந்தது. லீவு கேட்கட்டுமா என்றாள் பெரியவள். அம்மா டிக்கெட் செலவில் ஆரம்பித்து, சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். பெரியவள் புருஷனோடு வெளிநாட்டில் குடித்தனம் நடத்துகிறாள் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள்.

"சரிம்மா" என்றாள் பெரியவள்.

கல்யாணத்தைச் சாப்பாட்டு இடைவேளையில், சோப்புப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தாள். படம் விட்டு விட்டு வந்தது. யாரோ போனைச் சின்னவளின் மாமியார் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் வாஞ்சையாக விசாரித்துவிட்டு, "உன் வீட்டுக்காரரு எங்கம்மா, பக்கத்துல இல்லையா?" என்று கேட்டாள்.

வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகம் பதிலுக்காகக் காத்திருந்தது. தன்னிடம் ஒருவர் இப்படிக் காத்திருந்து வெகு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"அவரு என்கூட இல்லைங்கம்மா. அடி தாங்காம வந்துட்டேன். இங்க நான் தனியாத்தான் இருக்கேன்."

அந்த அம்மாள் போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் அந்த அம்மாள். அதற்குள் போன் கை மாறிவிட்டது.

கல்யாணம் நிற்கவில்லை. சின்னவளைப் புகுந்த வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாதான் பெரியவளோடு பேசுவதை விட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. அனுப்பிய பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில் சின்னவள் கூப்பிட்டாள்.

"அத்தை உன்னை லீவுக்கு இங்க வந்து தங்கச் சொல்றாங்கக்கா. வாய் வார்த்தைக்கு இல்ல, நெசமாவே."

"அம்மா வரச் சொன்னாங்களா?"

சின்னவள், அங்கே இப்போது குளிரா என்று கேட்டாள்.

அடுத்த தடவை கட்டாயம் வருவதாக அத்தையிடம் சொல்லச் சொல்லிவிட்டு, மறுநாள் பெரியவள் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டாள். அதற்குக் கிடைத்த லீவைத் தங்கும் அறையிலேயே கழித்தாள். கூட இருந்தவர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவரவர் கட்டில் விரிப்பையும் சேர்த்துத் தட்டிப் போட்டாள். பகலில் அந்த அறைக்குள் நல்ல வெயில் வருகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.