நாலுக்கு இரண்டே கால்

ஆல்வினின் காலுறையில் ரத்தம் இருந்ததை முதலில் பார்த்தது என் தம்பி ரோமன்தான். ஆல்வினுக்கே அது தெரியவில்லை.

இருவரும் கிளீவ்லாந்தை ஒட்டிய பார்மாவில் தபால்காரர்கள். அக்டோபரில் ஒரு நாள், மழையில் நனைந்து ஊர் சுற்றிவிட்டு நிலையத்துக்குத் திரும்பிய சாயங்காலம். ஆல்வின் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபடி ஏதோ ஒரு வீட்டு நாயைப் பற்றிக் கதையளந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நிலையத்திலேயே பெரிய வாய் அவருக்குத்தான்.

"ஆல்வின், உங்க காலைப் பாருங்க."

"ஏன், நாத்தமா?"

"ரத்தம்."

குனிந்து பார்த்தார். ஒரு திருகாணி பூட்ஸின் அடியைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அன்று மட்டும் பத்து மைல் அதன் மேலேயே நடந்திருக்கிறார்.

"அட, வலிக்கவே இல்லையேப்பா!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல?"

ரோமனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்றால், குதிகால் வலிக்காக ஆறு மாதமாக அவன் மிரியம் ஹலாபி என்ற பாத மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தான். வலி தீர்ந்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போவான். சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பற்றியெல்லாம் துளைத்துத் துளைத்துக் கேட்பான். அன்று ஆல்வின் "வீட்டுக்குப் போய்க் கழுவிக்கிறேன், விடு" என்று எவ்வளவோ சொல்லியும் விடாமல் காரில் ஏற்றி அங்கே கொண்டுபோனான். உள்ளே சீழ் வைத்திருந்தது, ஒரு வாரப் புண். ஆல்வினுக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று ஹலாபி சொன்னாராம்.

மறு வாரம் ரோமன் என் சமையலறைக்கு வந்தான். எங்களுடையது மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனங்கள் இருக்கும் வீடு. அப்பா விட்டுப்போனது. கீழே நான், மேலே அவன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவில் வீட்டில்தான் இருப்பேன். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை, பியரோகி, வதக்கிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டைக்கூட எடுக்காமல் சொன்னான்.

"டினா, நான் பாத மருத்துவம் படிக்கப் போறேன்."

சிரித்துவிட்டேன். அவனுக்கு முப்பத்தொரு வயது. கல்லூரியில் உயிரியல் பட்டம் வாங்கினான் என்பது உண்மைதான், ஆனால் அதை எப்படி வாங்கினான் என்பது எனக்குத் தெரியும்.

"உன் மார்க்குக்கு எவன்டா சீட் குடுப்பான்?"

ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தான். கல்லூரிக்கு எழுதி வரவழைத்த பழைய மதிப்பெண் பட்டியல். மொத்தச் சராசரி, நாலுக்கு இரண்டே கால். முதல் இரண்டு வருஷம் சுமார். மூன்றாம் வருஷம் ஜனவரியில் தொடங்கிய பருவத்தில் கரிம வேதியியல் தோல்வி, இயற்பியல் தோல்வி, இன்னொன்றில் D. அந்த வரிகளைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது. எங்கள் அப்பா நுரையீரல் புற்றுநோயில் செத்தது அந்த வருஷம் மார்ச்சில். பாவம், பையன் எப்படிப் படித்திருப்பான் என்று நினைத்தேன். தட்டில் நாலு பியரோகி கூடுதலாகவே வைத்தேன்.

டாக்டர் ஹலாபி அவ்வளவு இளகவில்லை. அவருக்கும் கிட்டத்தட்ட ரோமனின் வயதுதான். பட்டியலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை அனுப்பினா உங்க கவரையே பிரிக்க மாட்டாங்க" என்றார்.

"அப்போ?"

"தோத்ததைத் திரும்பப் படிங்க. அதுக்கு மேல உயிர் வேதியியல், உடலியங்கியல், இன்னும் கஷ்டமானது என்னென்ன இருக்கோ அத்தனையும். ரெண்டு வருஷம் வரிசையா A வாங்கினா, இந்த ஆள் அந்த ஆள் இல்லைன்னு யாராவது ஒருத்தர் நம்பலாம். ஆனா ஒண்ணு, பழசு அழியாது. விண்ணப்பத்துல ரெண்டையும் சேர்த்துத்தான் கூட்டுவாங்க."

ரோமன் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தான். எடுக்கப் போகும் ஒவ்வொரு பாடத்திலும் A வாங்கினாலும் சராசரி இரண்டே முக்காலைத் தொடாது. பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஜனவரி வகுப்புக்குப் பெயரைப் பதிந்தான்.

வாரத்தில் மூன்று நாள், பையை இறக்கி வைத்த கையோடு கிளீவ்லாந்துக்கு வண்டியை விடுவான். வகுப்பில் எல்லாரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் இவனைப் பாடம் நடத்த வந்தவர் என்று நினைத்து எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். முதல் தேர்வில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.

ஆல்வின் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார், நடக்காமல் உட்கார்ந்து தபால் பிரிக்கும் வேலை. "ஐம்பத்திரண்டா?" என்று நிலையம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "டாக்டர் ஐயா, என் மிச்ச எட்டு விரலை நான் வேற யார்கிட்டயாவது காட்டிக்கிறேன்!"

"பருவம் முடிஞ்சதும் பேசுவோம், ஆல்வின்."

"பேசுவோம். அதுவரைக்கும் இந்தக் கட்டைத் தூக்கு."

மறுநாளே ரோமன் போய்ப் பேராசிரியரைப் பார்த்தான். எங்கே தப்பு என்று வரி வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தான். சின்னச் சின்ன அட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வேதிவினை எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுத் தபால் கட்டோடு வைத்துக்கொண்டான். இரண்டு வீட்டுக்கு ஒரு அட்டை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பான். பனியில் தனியாகப் பேசிக்கொண்டு போகும் தபால்காரனைப் பார்த்து ஜனங்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் மின்சாரக் கட்டணக் கடிதத்தோடு ஒரு அட்டையும் யாருடைய பெட்டியிலோ விழுந்துவிட்டது. எந்த வீடு என்றே தெரியவில்லை. மறுநாள் ரிட்ஜ்வுட் தெருவில் ஒரு பெட்டியின் மூடியில் அந்த அட்டை ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் ஒரு திருத்தம். 'அம்புக்குறி எதிர்ப்பக்கம் போக வேண்டும்.' கையெழுத்து இல்லை. கதவைத் தட்டினான், யாரும் திறக்கவில்லை. ஆனால் அம்புக்குறி உண்மையிலேயே தப்புதான்.

கரிம வேதியியலில் B பிளஸ். அடுத்த பாகத்தில் A. இயற்பியலில் A, உயிர் வேதியியலில் A மைனஸ், உடலியங்கியலில் A. சனிக்கிழமைகளில் ஹலாபியின் மருத்துவமனையில் சம்பளமில்லாமல் உதவி செய்தான். கிழவர்களின் காலைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். இரண்டாம் வருஷக் கடைசியில் மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதினான். பிரமாதம் இல்லை, ஆனால் வெட்கப்பட வேண்டிய மதிப்பெண்ணும் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேருந்தில் ஏறும் ஆசிரியைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தான். எங்கள் குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவள் நான்தான். "எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் புல் வெட்டப் போனான்.

ஆல்வினின் காலில் தொடங்கியிருந்தான். நன்றாகவே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'மூன்றாம் ஆண்டில் என் தந்தை புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். இரவும் பகலும் அவர் படுக்கையருகில் இருந்ததால் என்னால் வகுப்புகளுக்குச் செல்ல முடியவில்லை.'

மறுபடியும் படித்தேன். அப்பா மருத்துவமனையில் இருந்தது நாற்பத்தொரு நாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். ரோமன் வந்தது மூன்று முறை. மூன்றாவது முறை வந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை.

ஜன்னலைத் திறந்து கூப்பிட்டேன். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான். என் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எந்தப் படுக்கைடா? யார் அப்பா?"

"டினா..."

"பரிட்சை இருக்கு, லேப் இருக்குன்னு என்கிட்ட சொன்னே. ஃபோன் பண்ணும்போதெல்லாம் சொன்னே. வகுப்புக்கும் போகலைன்னா, எங்கேதான் இருந்தே?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். புல் ஒட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேக்வுட்ல. ஃப்ரெண்டு கெவின் வீட்டு பேஸ்மென்ட்ல. வீடியோ கேம் ஆடிட்டிருந்தேன்."

"நாற்பது நாளா?"

"நாற்பது நாளும். காலேஜ்ல அப்பாவுக்காக ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொன்னேன். உன்கிட்ட காலேஜ்ல இருக்கேன்னு சொன்னேன். ரெண்டு எடத்துக்கும் போக முடியலை. அவரோட மூச்சுச் சத்தம் இருக்கே, அதைக் கேட்டேன் ஒரு நாள். அப்புறம் அந்தக் கதவைத் தொறக்கவே பயமா போச்சு."

"தினமும் கேட்டார்டா. ரோமனுக்குப் பரிட்சை எப்படிப் போச்சுன்னு. நல்லாப் போச்சுப்பான்னு தினமும் சொன்னேன்." வரியிலிருந்து விரலை எடுத்தேன். "அதை நான் நம்பித்தான் சொன்னேன்."

அவன் அழுதான். நான் அழவில்லை. தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு மாலைச் சுற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

பதினாறு நாள் அவனோடு பேசவில்லை. மாடியில் அவன் நடக்கும் சத்தம் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். கோபம் அவன் வராமல் இருந்ததற்கு மட்டும் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து நான் மனசுக்குள் மன்னித்தேனே, அதை ஏமாற்றி வாங்கிவிட்டான் என்றிருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. அந்தக் கதவைத் திறக்க எனக்கும் தினமும் பயமாகத்தான் இருந்தது. எனக்குப் போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினேழாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மேஜை மேல் புதிய கட்டுரை இருந்தது. ஆல்வின் அப்படியே இருந்தார். இரண்டாம் பக்கம் மாறியிருந்தது. 'அந்தப் பருவத்தில் என் தந்தை இறந்துகொண்டிருந்தார். என் மதிப்பெண்களுக்கு அது காரணமில்லை. அவரிடமிருந்தும் வகுப்பிலிருந்தும் நான் ஒளிந்துகொண்டேன். என் அக்கா தனியாக அவரைப் பார்த்துக்கொண்டாள்.' ஒளிந்த இடத்தையும் எழுதியிருந்தான், என்ன விளையாட்டு என்பதைக்கூட.

மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டேன்.

"ரோமன்! மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு."

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தடதடவென்று இறங்கி வந்தான்.

ஆல்வின் விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டையா கேக்கப் போறாங்க? அப்பா செத்தார்னு எழுதினா கண்ணைத் துடைச்சிட்டு சீட்டைக் குடுப்பான்!"

"எங்கக்கா படிச்சிட்டா, ஆல்வின். இனிமே அந்தப் பொய்யை எப்படி அனுப்புறது?"

ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பினான். கோடையிலேயே இரண்டு மறுத்துவிட்டன. இரண்டிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. ஜனவரியில் ஐந்தாவது கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. ஐந்து மணி நேரப் பயணம், வழியெல்லாம் பனி. பேருந்து ஓட்டிப் பழகியவள் என்பதால் நானே வண்டியை எடுத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துப்பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் சொன்னான். மூன்று பேர் இருந்தார்களாம். ஓர் அம்மாள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நேரடியாகக் கேட்டிருக்கிறார்: "இங்க படிப்பு ரொம்பக் கஷ்டம். திரும்பவும் ஒளிஞ்சுக்க மாட்டீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?"

"நீ என்னடா சொன்னே?"

"சத்தியம் பண்ண முடியாதுன்னேன். பயம் வந்தா எனக்கு ஓடத்தான் தோணும், இப்பவும். ஆனா மூணு வருஷம் முன்னாடி ஐம்பத்திரண்டு வாங்கினேன், மறுநாள் காலையில பேராசிரியர் கதவைத் தட்டினேன். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கிற ஆதாரம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாங்க. எங்க சாப்பாட்டுக்கூடம் நல்லா இருக்கும், சாப்பிட்டுட்டுப் போங்கன்னாங்க."

காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்து மீன் வறுவல் விருந்துக்குப் போனால் எல்லாரும் கேட்பார்கள். அவன் "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொள்வான். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி அனுப்புவேன் என்று சொல்லி, இன்னும் எந்தப் பாடம் எடுக்கலாம் எனத் தேடத் தொடங்கியிருந்தான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் முப்பது பிள்ளைகளோடு சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது, எதிர்ப்பக்க நடைபாதையில் தபால் பையோடு ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். அது அவன் சுற்றுப்பாதையே இல்லை. மூன்று தெரு தாண்டி ஓடி வந்திருக்கிறான். பேருந்துக் கதவைத் தட்டினான். விதிப்படி திறக்கக் கூடாது. திறந்தேன்.

"கிடைச்சிருச்சு, டினா."

பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு எப்போதோ பச்சையாகிவிட்டிருந்தது.

ஆகஸ்டில் கிளம்பினான். ஆல்வின் வழியனுப்ப வந்து, அவன் பெட்டிகளைத் தூக்காமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் ஏவினார். மாடி காலியானது. ஒரு மாதம் வரை ராத்திரி வெளிவிளக்கை அணைக்க மறந்துபோவேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. ரோமன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உடற்கூறு முதல் தேர்வு வந்துடுச்சு. அறுபத்தெட்டு. எழுபது வாங்கினாத்தான் தேர்ச்சி."

"சரி."

"நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணிச்சு."

"சொல்லிட்டே. இப்ப என்ன பண்ணப் போறே?"

"நாளைக்கு எட்டு மணிக்கு ஆசிரியரைப் பாக்கறேன். எங்க தப்புன்னு பாதி எனக்கே தெரியும், நரம்புல. அப்புறம் டினா, நாம அடுத்த வாரம் அப்பாவைப் போய்ப் பாக்கலாமா? நான் சனிக்கிழமை வரேன்."

கல்லறைக்கு அவன் வந்து பல வருஷமாகியிருந்தது.

"வா" என்றேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துடு."