பூட்ஸ் காட்சி

ஹன்ஸாபென் எழுதிய நாடகத்தைப் பார்த்து எடிசன் நகரத்துக் கோயில் மண்டபமே கண்ணீர் விட்டது. அமெரிக்காவுக்கு வாழவந்து வாயடைத்துக் கிடக்கும் பெண்களின் கதையாம். வந்திருந்த குஜராத்திப் பெண்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். ஹன்ஸாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நாடகத்தில் ஒரு புருஷன். பனிக்காலம் வந்தால் பெண்டாட்டியின் பூட்ஸைக் கார் டிக்கியில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். கொட்டுகிற பனியில் அவள் எங்கே ஓடுவாள்? இது ஹன்ஸாவின் கற்பனை இல்லை. அடுத்த வீட்டு தக்ஷா போன வருஷம் தேப்லா ரொட்டி தேய்த்துக்கொண்டே சொன்னது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மாவுக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஹன்ஸாவும் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு என்ன செய்தாள்? பேரை மாற்றினாள், ஊரைச் சிகாகோ ஆக்கினாள், இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுத உட்கார்ந்துவிட்டாள். பூட்ஸை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அதுதானே நாடகத்தின் உயிர்!

கூட்டம் கலைந்து, காலணிகளைக் கழற்றி வைத்திருந்த வாசல் அலமாரிக்கு வந்தது. பிப்ரவரி மாதம். வரிசை வரிசையாகக் கனத்த பூட்ஸுகள். நடுவில் ஒரே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு.

தக்ஷா வந்து அதில் காலை நுழைத்தாள். பக்கத்தில் நின்ற பெரியவள் மஞ்சரி மாசி செருப்பைப் பார்த்தாள், தக்ஷாவின் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

ஹன்ஸாவுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். உன் பேரை நான் எங்கேயும் சொல்லவில்லையே என்று குழறினாள்.

தக்ஷா அழவில்லை, திட்டவும் இல்லை.

"நாடகத்துல கடைசியில அடுத்த வீட்டுக்காரி வர்றாளே, ஹன்ஸாபென். புது பூட்ஸ் வாங்கி ஒளிச்சு வச்சிருந்து, இவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாளே. அவ யாரு?"

ஹன்ஸா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வருஷம் முழுக்க எழுதினாள், திருத்தினாள், ஒத்திகை பார்த்தாள். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் காலணிக் கடை இருக்கிறது. ஒரு நாள் கூட அங்கே போகத் தோன்றவில்லை. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவசரமாகத் தன் பூட்ஸை எடுத்து நீட்டினாள்.

"இப்ப வேண்டாம். அவர் கார்ல காத்துக்கிட்டிருக்கார். யார் கொடுத்தான்னு கேப்பார்" என்றாள் தக்ஷா. கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு யாராவது அவர்கிட்ட நாடகக் கதையைச் சொல்லுவாங்க. அப்ப நான் என்ன சொல்லட்டும், ஹன்ஸாபென்?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் பனிச்சேற்றில் இறங்கி நடந்தாள். புருஷன் உள்ளிருந்தபடியே கார்க் கதவைத் திறந்துவிட்டான். வாசலில் நின்ற ஹன்ஸாவைப் பார்த்து நல்ல மனுஷனாகச் சிரித்துக் கையசைத்தான்.

பூங்கொத்து பிடித்த கையைத் தூக்கி ஹன்ஸாவும் பதிலுக்கு அசைத்துவிட்டாள்.