மேல்பக்கத்துக் கன்னம்

அந்தப் பெண் தூங்குகிறாளா, செத்துக் கிடக்கிறாளா என்று அருங்காட்சியகக் காப்பாளருக்கும் எனக்கும் காலையிலிருந்து வாக்குவாதம். தீப்பெட்டி அளவு யானைத் தந்தத் தகட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ தீட்டிய படம். தலையணையில் இடக்கன்னம் புதைய ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். பொருட்களுக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்புகளை எழுதுவது என் வேலை. இறந்தவர்களைத் தூங்குவதுபோல வரைந்து வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் உண்டு, 'இறந்த பெண்' என்றே எழுது என்றார் அவர். நல்ல மனிதர்தான். என் வீட்டு நிலைமை தெரிந்து மூன்று மாதமாக மதியமே அனுப்பிவிடுகிறவர். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படுத்திருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு ஆவதில்லை.

என் வீட்டுக்காரரும் படுத்துத்தான் கிடக்கிறார். மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டில் அடி. படுக்கைப்புண் வராமலிருக்க நானும் நாத்தனாரும் மாற்றி மாற்றித் திருப்பிவிடுகிறோம். தானாகப் புரண்டுவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல வரும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாத்தனார் என்றால் ஊரே ஆயிரம் சொல்லும். இவளோ பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

ஆத்திரத்தோடு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் மேல் கவிழ்ந்தேன். மேலே தெரிகிற வலக்கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள். தலையணை மடிப்பு அழுந்திய தடம். காதுமடலும் சிவந்திருந்தது. மேல்பக்கத்துக் கன்னத்தில் தலையணை எப்படி அழுந்தும்?

"சார், இவ இப்பதான் புரண்டு படுத்திருக்கா. செத்தவங்க புரள மாட்டாங்க."

அவர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சரிம்மா, தூங்கட்டும். நீ வீட்டுக்குக் கிளம்பு."

பெயர் தெரியாத அந்த ஓவியனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் நாத்தனார் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தாள், பாவம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுக்கு முட்டுத் தலையணை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அவளைத் தொட்டு எழுப்பினேன்.

"முதுகுக்கு ஒண்ணும் வைக்காம ஏண்டி சுவர்ப்பக்கம் திருப்பின?"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நானா? வாசலப் பாத்து, தலகாணி முட்டுக் குடுத்துதானே அண்ணி படுக்க வச்சேன்."

சொல்லிவிட்டு அவளும் கட்டிலைப் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுப்ப எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. முட்டுக்கு வைத்த தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.