விட்டுப்போன ஒரு 'த்'

அரங்கத்தில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாயாடியின் அம்மா மட்டும் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும், பெற்ற வயிறு பற்றி எரியும்போது ஜிப் சத்தமெல்லாம் ஒரு சத்தமா?

வாயாடி என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் போன வருஷம் இதே பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில், பேச்சை அழகாக முடித்துவிட்டு, நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் வாய்ப்பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டாள். சபை காத்திருந்தது, மணி அடித்தது, இறங்கி வந்துவிட்டாள். அன்றோடு வீட்டிலும் பேச்சு குறைந்தது. கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். வீடு வெறிச்சோடிப் போனது.

இந்த வருஷம் பெயர் கொடுத்ததே பெரிய விஷயம். "இந்தத் தடவையும் வாயடைச்சுப் போச்சுன்னா அவ்ளோதாம்மா. பிரெஞ்சும் வேணாம், மேடையும் வேணாம்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னபடி செய்கிற ரகம், அப்பாவைப் போல.

வகுப்பில் பேசிக் காட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். பிரெஞ்சு டீச்சர் அவள் பேச்சைக் காகிதத்தில் திருத்திக் கொடுத்ததோடு சரி. ஒப்பிக்கக் கேட்டதெல்லாம் அம்மாதான். அம்மாவோ துணி திருத்தும் கடையில் தையல்காரி, பிரெஞ்சுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். "எழுதறது ஒரு முழம், சொல்றது ஒரு சாணா இருக்கே? மிச்சத் துணியை எவன் சுருட்டினான்?" என்று கேட்டு, மகளை வெகுநாளைக்குப் பிறகு சிரிக்க வைத்தாள். மகள் வாசிக்க வாசிக்க, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான், மகள் தடுமாறும் இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதும் அவள் உதடு பிரெஞ்சை முணுமுணுத்தது. அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, முழுப் பேச்சும் மனப்பாடம்.

மேடையில் ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான். அடுத்தது வாயாடி. பையன் "காதோ, காதோ" என்று அடிக்கடி சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. தெரிந்த சொல்லாயிற்றே!

பக்கத்தில் இருந்த டீச்சரின் காதில் கிசுகிசுத்தாள். "இவனும் கேக்கைப் பத்தித்தான் பேசறானா டீச்சர்?"

"இல்லீங்க, பரிசைப் பத்தி. காதோன்னா பரிசு."

ஜிப் பாதியில் நின்றது. "அப்ப கேக்குக்கு?"

"அது வேற. 'தங்கை'ன்னு சொல்றப்ப கடைசியில க வருதில்ல, அந்த மாதிரி ஆரம்பிச்சு, 'த்தோ'ன்னு அழுத்தி முடிக்கணும். ஏன் கேக்கறீங்க?"

ஏன் கேட்கிறாளா! பேச்சே கேக்கைப் பற்றியதுதான். பேக்கரியில் வேலை பார்க்கும் அப்பா, ஓரம் உடைந்து விற்க முடியாத கேக்கை வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தக் கேக்கை அம்மா 'காதோ' என்றுதான் எழுதியிருந்தாள். 'காத்தோ' என்று இருக்க வேண்டியதில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதை விட்டுப்போனபடியே எடுத்துக் கொடுத்திருந்தாள். முதலில் மகள் ஓரிரு முறை திருத்தினாள்தான். பிறகு கேட்டுக் கேட்டு அவள் நாக்கும் அப்படியே திரும்பிவிட்டது.

கெடுத்தேனே, நானே என் பிள்ளையைக் கெடுத்தேனே என்று அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா? எழுந்தாள். "போகக் கூடாதுங்க" என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள். அதற்குள் வாயாடி மேடைக்கு வந்துவிட, மறுபடி உட்கார வேண்டியதாயிற்று.

பேச்சு தண்ணீர் பட்ட பாடாக ஓடியது. அம்மாவின் உதடும் கூடவே ஓடியது. அந்த இடம் வந்தது. 'காதோ' என்றாள் வாயாடி, கணீரென்று. அப்பா வெள்ளிக்கிழமை தோறும் உடைந்த பரிசு கொண்டுவருகிறார்! டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எதையோ கேட்டார். சபையில் லேசான சிரிப்பு.

"என்ன கேக்கறாரு?"

"உங்க அப்பா ஏன் எப்பவும் உடைஞ்ச பரிசாவே தர்றாருன்னு கேக்கறாரு."

வாயாடி வாய் திறக்கவில்லை. புரிந்துவிட்டது, காது நுனி வரை சிவந்துவிட்டது. போன வருஷத்து அதே மௌனம். அம்மா எப்போது எழுந்தாள், எப்போது நடைவழிக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளை மேடையிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மகள் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு மனப்பாடமான பேச்சில் இல்லாத பிரெஞ்சு அது. நீளமாகப் போனது. நடுவே விரலை நீட்டி நேராக அம்மாவைக் காட்டினாள். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பழியை என் மேல் போட்டுவிட்டாள், போடட்டும், நியாயம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் கைதட்டல் காதில் விழுந்தது.

டீச்சர் வந்து தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ன சொன்னா டீச்சர்?"

"அது கேக்குதான் சார், பரிசு இல்லைன்னு சொன்னா. எங்கம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது, எனக்காக எங்க எழுத்துல எழுதிப் படிச்சாங்க, அவங்க எழுத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னா. அதோ நடுவுல நிக்கறாங்களே, அவங்கதான், இப்ப என்னை அடிக்க வர்றாங்களா கூட்டிட்டுப் போக வர்றாங்களான்னு தெரியலன்னா."

மேடையில் வாயாடி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நடுவர் மணியை அடித்தார். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு முறை அடித்தார். கையமர்த்திக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"நேரம் முடிஞ்சிருச்சு, மார்க்கு போயிடும்" என்று பதறினார் டீச்சர்.

"போனாப் போகுது, பேசட்டும் விடுங்க டீச்சர்" என்றாள் அம்மா. பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.