தலைகீழாக நின்ற சைக்கிள்

மூன்று நாளாக விடாத மழை. சைதாப்பேட்டை ஆற்றோரத் தெருவில் கரண்ட் இல்லை, எல்லார் போனும் செத்துக் கிடந்தது. ஏரியைத் திறப்பார்களா என்பதுதான் ஒரே கேள்வி. திறந்தால் ஆறு வீட்டுக்குள் வரும். செண்பகத்தின் எதிர்வீட்டு சகினாவுக்கோ நிறைமாதம். முழங்கால் தண்ணீரில் அவளை எங்கே என்று அலைக்கழிப்பது?

அவள் கணவன் ஹபீபுர் ரஹ்மான் மிக்சி, ரேடியோ ரிப்பேர் செய்பவன். ரேடியோ இருந்தது, பேட்டரி இல்லை.

"தம்பி, உன்ர சைக்கிளில டைனமோ இருக்கோ?" என்று கேட்டாள் செண்பகம்.

"கீதுக்கா. அதுக்கு இன்னா இப்போ?"

"தலைகீழா நிப்பாட்டு. மிச்சத்தை நான் சொல்லுறன்."

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வளர்ந்தபின் படகேறி வந்தவள் அவள். சண்டைக் காலத்தில் அங்கே பேட்டரிக்குத் தடை. சாயங்காலமானால் புளியமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார்கள். பெடலைக் கையால் சுற்றுவது எட்டு வயதுச் செண்பகத்தின் வேலை. வேகம் கூடினால் ரேடியோ கீச்சிடும், குறைந்தால் ஊமையாகிவிடும். அதனால் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவாள். தன் கையிலிருந்து ஒரு மனிதக் குரல் புறப்பட்டு ஊரையே வாயடைக்க வைப்பதை நினைத்தால் அவளுக்கு மேலெல்லாம் புல்லரிக்கும்.

ஒரு நாள் அந்தக் குரல் அவள் ஊரின் பெயரைச் சொன்னது. நாலு தெரு, ஒரு குளம், அவ்வளவுதான் ஊர். அதைக்கூட அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறதே! வாய் பிளந்து நின்றாள். கையும் நின்றது. எந்தப் பாதையால் வெளியேற வேண்டும் என்ற அடுத்த வரி யாருக்கும் கேட்கவில்லை. பாதி ஊர் ஒரு பக்கம் போனது, பாதி மறுபக்கம். மறுபக்கம் போன பெரியக்காவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஹபீபுர் ஒயரை முறுக்கி ரேடியோவோடு இணைத்தான். பெடலை விர்ரென்று சுற்றினான். ரேடியோ அலறியது.

"ஐய, நிறுத்துங்க! இந்த சத்தத்துக்கு கொயந்த இப்பவே வந்துரும் போலகீது" என்றாள் சகினா.

செண்பகம் பெடலை வாங்கிக்கொண்டாள். ஒரு பதின்மூன்று பதின்மூன்று, இரு பதின்மூன்று இருபத்தாறு. கரகரப்பு அடங்கி ஒரு பெண்குரல் எழுந்தது.

"...அடையாற்றின் கரையோரம், சைதாப்பேட்டை..."

முப்பது வருடம் கழித்து மறுபடியும் அவள் இருக்கும் இடத்தின் பெயர். அதே புல்லரிப்பு. கை நிற்கவில்லை. முப்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு.

"...மாலை நான்கு மணிக்கு ஏரி திறக்கப்படும்..."

"யா அல்லா, மணி இப்பவே மூணு! வாக்கா, கெளம்பு!"

"பொறு தம்பி. எங்க போறதெண்டு சொல்லட்டும்."

அறுபத்தைந்து, எழுபத்தெட்டு. மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது. இன்னொரு தரமும் வந்தது. அதன் பிறகே அவள் கையை எடுத்தாள்.

ஹபீபுரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சகினாவை நாற்காலியோடு தூக்கினார்கள். செண்பகம் முன்னால் நடந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"மேட்டுத் தெருப் பள்ளிக்கூடம்! எல்லாரும் ஒரே பக்கமா வாங்கோ. ஒருத்தரும் பிரிஞ்சு போகாதேங்கோ!"