அம்மா உட்கார்ந்திருந்த கதை

1

உலகில் இதுவரை எழுதப்பட்ட கதைகள் எல்லாமே பெருக்கித் துடைத்து வைக்கப்பட்டவை. எழுதியவர்கள் தடுக்கி விழுந்த இடம், அடித்த வரி, பாதியில் விட்ட வாக்கியம் எல்லாவற்றையும் வாசகர் வருவதற்குள் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வாசலில் நின்று சிரிக்கிறார்கள். இது கோழைத்தனம். மனித வரலாற்றில் பெருக்கப்படாத முதல் கதை இதுதான். இதில் குப்பை விழுந்த இடத்திலேயே கிடக்கும். மிகுந்த பொறுப்புணர்வோடு சொல்கிறேன். கல்லூரிச் சுவரிதழுக்கு இரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். அதில் ஒன்றரை ஆண்டு அதைப் படித்த ஒரே ஆளும் நான்தான்.

கதை பிறந்த விதத்தையும் மறைக்கப்போவதில்லை. அம்மா ஒரு பெரிய ஓட்டலில் இருபத்தாறு ஆண்டுகள் அறைகளைச் சுத்தம் செய்தாள். நாளைக்குப் பதினான்கு அறை. போன மாதம் ஓய்வு பெற்றாள். உடனே அக்கா, கடலோரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடே இல்லாத ஓர் ஆடம்பர விடுமுறை வீட்டை இரண்டு நாளுக்குப் பிடித்துவிட்டாள்.

"அம்மா ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், கடலப் பாத்துக்கிட்டு சும்மா உக்காரணும். வேற எதுவும் வேணாம் எனக்கு" என்றாள். "பெரிய எழுத்தாளர்னு சொல்லிக்கிறியே, அத எழுதிக் குடு. ஃபிரேம் போட்டு மாட்டிக்கிறேன்."

கிண்டலா, வேலையா என்று புரியவில்லை. வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

[அப்பாவும் வந்திருந்தார். கதையில் ஆள் அதிகமாகிவிடக் கூடாது என்பதால் அவரை நீச்சல் குளத்தில் விட்டிருக்கிறேன். மிதந்துகொண்டிருப்பார். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.]

2

முதல் வரி காரிலேயே தயாராகிவிட்டது.

அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அலைகள் ஒவ்வொன்றாக

எழுந்துவிட்டாள்.

கடல் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே மரப்பலகைத் தளம். தளத்தில் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு நீளமான சாய்வு நாற்காலி. அம்மா அதன் நுனியில், பேருந்துக்குக் காத்திருப்பவள் போல் நான்கு விநாடி உட்கார்ந்தாள். பிறகு கண்ணாடியில் ஒரு கைரேகையைப் பார்த்தாள். அது என்னுடையது. முந்தானையால் துடைத்தாள்.

அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கண்ணாடி சுத்தமாக இருந்தது. காற்று அவள் முன்நெற்றி முடியை

படுக்கையறைக்குப் போய்விட்டாள். அங்கே கட்டில்மேல் இரண்டு வெள்ளைத் துண்டுகளை முறுக்கி ஓர் அன்னம் செய்து வைத்திருந்தார்கள். அக்கா படம் எடுத்தாள். அம்மா அன்னத்தின் கழுத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள், டாக்டர் மாதிரி.

"தளர்ந்திருக்கு. செஞ்ச பொண்ணு வேலைக்குப் புதுசு" என்றாள். விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். "தனியா போட்டிருக்கா பாவம். இவ்ளோ பெரிய கட்டிலுக்கு ரெண்டு பேர் வேணும்."

"அம்மா, நீ விருந்தாளி" என்றாள் அக்கா.

"நான் என்ன இப்போ வேலையா பாக்கறேன்? சும்மா பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை இறுக்கினாள். அன்னம் நிமிர்ந்தது. எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

3

ஓர் ஆசிரியராக எனக்கு அம்மா என்னும் இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் இருக்கிறது. மறுநாள் காலை பத்து மணி. பதினோரு மணிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வரும் என்று வரவேற்பு அட்டையில் அழகான எழுத்தில் போட்டிருக்கிறது. இந்தப் பாத்திரமோ அதற்குள் கட்டிலை விரித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. இதை எந்த வாசகர் நம்புவார்?

"உலகத்துலயே யாராவது சுத்தம் பண்ற ஆள் வருதுன்னு சுத்தம் பண்ணுவாங்களா?" என்று கேட்டேன்.

"வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அழுக்கா இருக்குன்னு நினைப்பாங்க. அதுக்குத்தானேம்மா வர்றாங்க! டாக்டர் வர்றாருன்னு நீயே ஊசி போட்டுக்குவியா?"

"பேச்சு மட்டும் குறைச்சலில்ல. காலத் தூக்கு, அங்க ஈரம்."

இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதினேன். 'வருபவர் என்ன நினைப்பார் என்னும் நோய்' என்பது தலைப்பு. மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் அம்மாவைக் கிழித்திருந்தேன். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நாளைக் காலை கிளம்ப வேண்டும்.

4

பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஒல்லியான உருவம், ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பம். உள்ளே ஓர் அடி வைத்தவள் நின்றுவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். கோப்பைகளைப் பார்த்தாள். அன்னத்தைப் பார்த்தாள்.

"நேத்து நான் செஞ்சது சரியில்லையாம்மா?"

"ஐயோ, இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"சேந்து ஒரு வாரம்தான் ஆகுது. மேலாளர் வந்து பாப்பாரு. விருந்தாளிங்களே செஞ்சுக்கிட்டாங்கன்னா, என் வேலை பிடிக்கலன்னுதான் எழுதுவாரு."

அம்மா எங்கள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள். "எனக்கும் ஒரு தடவ இப்படி ஆயிருக்கு. அந்த ரூம் நம்பர்கூட ஞாபகம் இருக்கு."

இந்த இடத்தில் கதை சோகமாகப் போகலாம். போகவிருந்தது. அதற்குள் அம்மா கட்டிலுக்குப் போய் விரிப்பைப் பிடித்து ஒரே இழு.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கலைங்க!"

அடுத்த பத்து நிமிடம் எங்கள் குடும்ப வரலாற்றின் பொற்காலம். அக்கா தலையணைகளை வீசினாள். நான் வெளியே ஓடி இரண்டு கை மணலை அள்ளிவந்து கூடத்தில் தூவினேன். ஆனால் அம்மாவுக்குத் தரம் முக்கியம்.

"தலகாணி அப்படி விழாதுடி. ஒண்ணு கால்மாட்டுல, ஒண்ணு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல. ஈரத் துண்டு கம்பியில தொங்கக் கூடாது, தரையில கிடக்கணும், அதுவும் அந்தப் பக்கம். டேய், மணலக் கோலம் மாதிரி போடாத, நடந்து வந்த மாதிரி போடு!"

இருபத்தாறு ஆண்டு அனுபவம். இவ்வளவு நேர்த்தியான அலங்கோலத்தை நான் பார்த்ததில்லை. அன்னத்தின் கழுத்தைத் திருகும் பொறுப்பு எனக்கு வந்தது. முடித்தபின் அம்மா சுற்றிப் பார்த்தாள். "ஈரக் காலடி போதாது" என்றாள்.

வேறு வழியில்லை. அப்பாவைக் கதைக்குள் கூப்பிட்டோம். நீர் சொட்டச் சொட்ட வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடந்தார். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பக் குளத்துக்குப் போய்விட்டார். நல்ல பாத்திரம்.

5

அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ செய்யிறேன்மா. ஆனா நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது. போய் உக்காருங்க."

அம்மா போய் உட்கார்ந்தாள்.

மேலே உள்ள வரியை நான் எழுதவில்லை. அவளே உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, முழுதாக. உட்காருமுன் நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கண்ணாடி வழியாக நான் தூவிய மணலை அந்தப் பெண் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம். இருபத்தைந்து. நாற்பது.

"இது கணக்குல சேருமாடா? கடலப் பாக்கலியே."

"முதுகு பாக்குதுல்ல" என்றேன்.

அந்தப் பெண் துடைத்துக்கொண்டே தளத்துக்கு வந்தாள். நாற்காலிக்கு அருகில் வந்ததும் நிமிராமல் சொன்னாள்: "காலக் கொஞ்சம் தூக்கிக்கோங்கம்மா."

தினம் பதினான்கு அறையில் அம்மா அடுத்தவர்களிடம் சொன்ன வாக்கியம் அது. இரண்டு காலையும் சேர்த்து அந்தரத்தில் தூக்கினாள், ஊஞ்சலில் சிறுமி மாதிரி. தரை காய்ந்த பிறகும் இறக்கவில்லை. அக்கா படம் எடுக்க மறந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

6

முடிவு.

நாற்பத்தெட்டாவது நிமிடம். எல்லாம் முடிந்து கட்டில் மட்டும் பாக்கி. அந்தப் பெண் விரிப்பை உதறுகிறாள். பெரிய கட்டில், இரண்டு பேர் வேண்டும். அம்மாவின் கை நாற்காலிப் பிடிமேல் இருக்கிறது. எழுந்து போய் மறுமுனையைப் பிடிக்கலாம். இன்னும் பன்னிரண்டு நிமிடம் உட்காரலாம். கடல் பக்கம் திரும்பவும் செய்யலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். அக்காவிடம் கேட்டால் ஒன்று சொல்கிறாள், அந்தப் பெண்ணிடம் கேட்டால் இன்னொன்று. நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள்.

அதுவரை எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மூன்றாம் பிரிவில் அந்தக் கட்டுரை முழுதாகக் கிடந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் பிரிவில் கடலுக்கு ஏழு உவமை இருந்தது. நீங்கள் வரும் சத்தம் கேட்டதும் அள்ளிவிட்டேன். வந்த இடத்தில் அதையெல்லாம் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?

இங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்.